ஜெபக் குறிப்பு

எங்கள் வீட்டுச் சமையலறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பானை இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஆச்சி ஒரு பிடி அரிசியை எடுத்து அதில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை. அது கோயிலுக்குப் போய், பணமாகி, மிஷனெரி ஊழியத்துக்குச் சேரும். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பிய காலத்திலிருந்தே, ஊழியத்துக்கு ஆள் அனுப்புவது எங்கள் பக்கத்துச் சபைகளுக்குப் பெருமை. அரிசி கொடுத்த ஆச்சி தன் ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. எனக்கு வாய்த்தது.

2008 மே மாதம். கல்லூரி இரண்டாம் ஆண்டு முடிந்திருந்தது. ஒரு சிறு ஜெபக் குழுவோடு கல்வராயன் மலைக்குப் பத்து நாள் போனேன். கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி வெள்ளிமலை, அங்கிருந்து ஜீப். சுமார் நாற்பது வீடுகள் உள்ள மலையாளிப் பழங்குடிக் கிராமம். ஆண்களில் பலர் பிழைப்புக்காக வெளியூர் போயிருந்தார்கள்.

நாங்கள் பன்னிரண்டு பேர். ஏழு அண்ணன்மார், ஐந்து பெண்கள். நாலரைக்கு எழுந்து அடிபம்பில் தண்ணீர் அடித்து, அடுப்பு மூட்டி, உப்புமா கிண்டுவது பெண்களின் வேலை. காலைத் தியானத்தை அண்ணன்மார் முறைவைத்து நடத்துவார்கள். நாங்கள் ஒரு காதை அங்கேயும் ஒரு காதை அடுப்பிலும் வைத்திருப்போம். பிறகு பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும். மதியத்துக்கு மேல் வீடு சந்திப்பு. இரவில் ஜெனரேட்டர் ஓட்டி, மைக் கட்டி, கூட்டம்.

வீடு சந்திப்பில்தான் எங்களுக்கு மதிப்பு. அண்ணன்மாரைத் திண்ணையில் உட்காரவைப்பார்கள். எங்களை அடுப்படிவரை விட்டார்கள். இது பழைய கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷன்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்களைச் சந்திக்க வேதாகமப் பெண்களை அமர்த்தியதும் இதற்காகத்தான். ஆண்களுக்குத் திறக்காத கதவு பெண்களுக்குத் திறக்கும்.

அப்படி எனக்குத் திறந்தது ஓர் அக்காவின் வீடு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். வாசலில் உட்கார்ந்து புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் நான் மட்டும் பேசினேன். மூன்றாம் நாள் அவர் கேட்டார்: "ராத்திரி மைக்குல உங்க பொண்ணுங்க யாரும் பேசலியே, ஏன்?"

"நாங்க பாட்டு பாடினோமேக்கா" என்றேன்.

"பாடினீங்க. பேசலியே."

ஊரில், எங்கள் கோயிலிலும், அதுவரை ஒரு பெண் பிரசங்க பீடத்தில் ஏறி நான் பார்த்ததில்லை. அது ஒரு கேள்வி என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

நான்காம் நாள், புளிப் பசை ஒட்டிய கையோடு, அவர் தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொன்னார். அது என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கேட்டு முடித்ததும் "உங்களுக்காகக் கடவுள்கிட்ட சொல்றேன்க்கா" என்றேன். அவர் தலையசைத்தார்.

சாப்பாட்டுக்குப் பின் தினமும் ரிப்போர்ட் நேரம். ஒரு நீள நோட்டு. சந்தித்த வீடுகள், கொடுத்த கைப்பிரதிகள், ஜெபக் குறிப்புகள் என்று கட்டம் போட்டிருக்கும். சமைத்த வேளைகளுக்கோ அடித்த தண்ணீருக்கோ அதில் கட்டம் இல்லை. எனவே சொல்வதற்கு ஏதாவது இருக்கும் நாளில் எங்களுக்குப் பெருமையாக இருக்கும். அன்று என்னிடம் இருந்தது. சொன்னேன். எல்லோரும் கண்ணை மூடி ஜெபித்தார்கள். "நல்ல பாரம் உனக்கு" என்று ஓர் அண்ணன் பாராட்டினார். நான் மகிழ்ந்தேன். இதை மறைத்தால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை.

எட்டாம் நாள் இரவுக் கூட்டத்தில் பிரசங்கித்தவர், "இந்த ஊரில் ஒரு சகோதரி இருக்கிறார்" என்று தொடங்கினார். பெயர் சொல்லவில்லை. நாற்பது வீட்டு ஊரில் பெயர் எதற்கு?

மறுநாள் போனபோது கதவு பாதி சாத்தியிருந்தது. அக்கா வெளியே வரவில்லை. உள்ளிருந்தே கேட்டார்: "உங்க சாமிகிட்ட சொல்றேன்னுதானே சொன்ன? ஊருகிட்ட சொல்றேன்னு சொல்லலியே."

என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கீழே இறங்கும் ஜீப்பில் எல்லோரும் பாடினார்கள். நானும் வாயசைத்தேன். அந்தப் பேச்சால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெகுநாள் அந்தப் பிரசங்கியார்மேல்தான் கோபமாக இருந்தேன். பிறகுதான் அவர் கைக்கு அதைக் கொண்டுசேர்த்தது யார் என்று யோசித்தேன். அடுப்படிவரை போக முடிந்தது நான் பெண் என்பதால். அங்கே கேட்டதை மைக் இருந்த இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். எனக்கு மைக் தரப்படவில்லை என்பது உண்மை. மைக் வைத்திருந்தவர்களின் பாராட்டு எனக்குத் தேவைப்பட்டது என்பதும் உண்மை. அதற்கு விலையாக நான் கொடுத்தது என்னுடையது அல்ல.

ஊர் திரும்பியதும் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். பீடத்தில் அல்ல, கீழே நின்று. குழுவின் அறிக்கையில் அக்காவின் கதையும் இருந்தது. அதைச் சொன்னால் கோயிலே அழுதிருக்கும். பிள்ளைகள் பாட்டுக் கற்றுக்கொண்டார்கள், மலைத்தண்ணீர் இனித்தது என்று இரண்டு வாக்கியம் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். "இதுக்கா பத்து நாள் போனே?" என்று வீட்டில் கேட்டார்கள். ஆச்சி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

2013-இல் இ. புஷ்பலலிதா நந்தியாலில் தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். செய்தியைப் படித்தபோது அக்காவின் கேள்விதான் நினைவுக்கு வந்தது. அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆனால் பீடத்தில் பெண் ஏறுவது அவருடைய முதல் கேள்விக்குத்தான் பதில். பாதி சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து கேட்ட இரண்டாவது கேள்விக்கு நாம் ஒவ்வொருவரும்தான் பதில் சொல்ல வேண்டும். பெண்களின் கதைகளைக் கேட்கிற, எழுதுகிற, ஆய்வு செய்கிற நம் எல்லோரிடமும் ஒரு நீள நோட்டு இருக்கிறது.

நான் இன்றும் கோயிலுக்குப் போகிறேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். மாணவிகள் சில வேளை அறைக்கதவைச் சாத்திவிட்டு உட்காருவார்கள். அவர்கள் வாய் திறக்கும் முன்பே நான் கேட்டுவிடுவேன்: "நீ சொல்றதை நான் யார்கிட்ட சொல்லலாம், யார்கிட்ட சொல்லக் கூடாது?" சிலர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "யார்கிட்டயும் வேண்டாம் மேடம்" என்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அவளைக் கேட்டு, அவளோடு சேர்ந்து அடுத்த ஆளிடம் போவேன் என்று சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகுதான் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்கத் தொடங்குவேன்.