ஏரிக்கரை நகரமும் ஊரை விட்டுப் போன மகனும்

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி என்னும் பெரிய ஏரியின் தென்கரையில் இருக்கிறது கிளீவ்லாந்து நகரம். ஏரி என்று பெயர் இருந்தாலும் கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது. கடலைப் போலவே அலை அடிக்கும். உல்லாசப் பயணிகள் தேடிப் போகும் ஊர்களின் வரிசையில் கிளீவ்லாந்து முன்னுக்கு நிற்பதில்லை. ஆயினும் ஒரு கூடைப்பந்தாட்ட வீரர் இந்த ஊரை விட்டுப் போனதும், திரும்பி வந்ததும், மீண்டும் போனதும் உலகமெங்கும் பேசப்பட்ட கதை. அது விளையாட்டுக் கதை மட்டுமல்ல. போனவருக்கும் நின்றவர்களுக்கும் இடையில் என்ன கடமை இருக்கிறது என்று கேட்கும் கதை. ஆகவேதான் இம்மாதம் எமது வாசகிகளை அங்கே அழைத்துச் செல்கிறோம்.

எரிந்த ஆறு

கிளீவ்லாந்தின் நடுவே வளைந்து நெளிந்து ஓடி ஏரியில் கலக்கிறது கயஹோகா ஆறு. அதன் கரைகளில்தான் ஒரு காலத்தில் உருக்காலைகளும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் எழுந்தன. ரொக்பெல்லர் தமது புகழ்பெற்ற எண்ணெய்க் கம்பனியை 1870 இல் இங்குதான் தொடங்கினார். ஆலைக் கழிவுகள் ஆற்றை நிரப்பின. 1969 ஜூன் மாதத்தில் ஆற்றில் மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பிடித்து எரிந்தது. அதற்கு முன்னரும் பல தடவைகள் எரிந்த ஆறுதான் அது. இன்று அதே ஆற்றில் மீன்கள் இருக்கின்றன. சிறு படகுகளில் துடுப்பு வலித்துச் செல்கிறார்கள்.

ஆறு மீண்டது. ஆனால் ஆலைகள் பல மூடப்பட்டுவிட்டன. வேலை போன இடத்தில் மக்கள் எப்படி நிற்பார்கள்? 1950 இல் 9 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த நகரத்தில் 2010 இல் 4 இலட்சத்துக்கும் குறைவானோரே இருந்தார்கள். நகரத்தின் உயிராக இருந்த அமெரிக்க உதைபந்தாட்ட அணியான பிரவுண்ஸையும் அதன் உரிமையாளர் 1996 இல் போல்ற்றிமோர் நகருக்குக் கொண்டு போய்விட்டார். அதே பெயரில் புதிய அணியொன்று வர 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1964 க்குப் பின்னர் இந்நகரின் பெரிய அணிகள் எதுவுமே வெற்றிக் கிண்ணம் கண்டதில்லை. எல்லோரும் விட்டுவிட்டுப் போகும் ஊர் என்ற மனக்குறை அங்கே ஆழமாகப் படிந்திருந்தது.

அக்ரோனில் ஒரு தாய்

கிளீவ்லாந்திலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீற்றர் சென்றால் அக்ரோன். குட்இயர் முதலிய பெரிய ரயர் கம்பனிகள் பிறந்த ஊர். உலகின் இறப்பர் தலைநகரம் என்று பெயர் பெற்றிருந்தது. அங்கும் ரயர் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்தக் காலத்தில், 1984 டிசம்பர் 30 ஆம் திகதி, அந்த ஊரில் லெப்ரோன் ஜேம்ஸ் பிறந்தார். தாய் குளோரியாவுக்கு அப்போது வயது 16. தந்தையின் துணை இல்லை. பிள்ளைக்கு மூன்று வயது ஆகும் முன்பே, தாங்கி நின்ற பாட்டியும் இறந்துவிட்டார்.

அதன்பின் தாயும் மகனும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறி மாறிக் குடியிருந்தார்கள். நான்காம் வகுப்பில் 80 நாட்களுக்கும் மேல் லெப்ரோன் பாடசாலைக்குப் போகவில்லை. ஒரு கட்டத்தில் குளோரியா மனதைக் கல்லாக்கிக்கொண்டு, மகனை ஒரு பயிற்றுநரின் குடும்பத்தோடு தங்க விட்டார். ஒழுங்காகச் சாப்பாடு, ஒழுங்காகப் பாடசாலை, ஒழுங்காகப் பயிற்சி. பிள்ளையின் பாதை அங்கிருந்துதான் நேரானது. பிள்ளையின் நன்மைக்காகப் பிள்ளையைப் பிரிந்திருப்பது என்னவென்று தெரிந்த தாய்மார் எமது வாசகிகளிடையே பலர். குளோரியாவை அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

2003 இல், பதினெட்டு வயதில், பாடசாலையை முடித்த கையோடு லெப்ரோன் கிளீவ்லாந்தின் கவலியேர்ஸ் அணியில் சேர்ந்தார். பக்கத்து ஊர்ப் பிள்ளை! நகர மக்கள் கொண்டாடினார்கள். விளையாட்டரங்குக்கு எதிரேயிருந்த கட்டடத்தின் சுவரில் பத்து மாடி உயரத்துக்கு அவருடைய படம் தொங்கியது. 2007 இல் அணியை இறுதிச் சுற்றுவரை கொண்டு சென்றார். ஆனால் கிண்ணம் கிடைக்கவில்லை.

அந்த ஜூலை இரவு

2010 இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் தாம் விரும்பிய அணிக்குப் போகலாம். இந்த உரிமை இலகுவில் வந்ததல்ல. முன்பெல்லாம் ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் பழைய அணியின் பிடியிலிருந்து வீரர் விடுபட முடியாது. ஒஸ்கார் ரொபேர்ட்சன் என்ற கறுப்பின வீரரின் பெயரில் 1970 இல் வழக்குத் தொடரப்பட்டு, 1976 இல் இணக்கம் ஏற்பட்டது. தடையில்லாத உரிமை 1988 இல்தான் கிடைத்தது. தொழிலாளி தன் உழைப்பை எங்கே கொடுப்பது என்று தானே தீர்மானிக்கும் உரிமை அது.

லெப்ரோன் அந்த உரிமையைப் பயன்படுத்தினார். அதில் தவறில்லை. ஆனால் அதைச் சொன்ன விதம்தான் ஊரைச் சுட்டது. 2010 ஜூலை 8 ஆம் திகதி இரவு, தொலைக்காட்சியில் தனி நிகழ்ச்சி வைத்து, நாடு முழுவதும் பார்த்திருக்க, தாம் மியாமி அணிக்குப் போவதாக அறிவித்தார். நிகழ்ச்சியின் விளம்பர வருமானம் சிறுவர் கழகங்களுக்குப் போனது. மியாமியில் அவர் ஒப்புக்கொண்ட சம்பளமும் கிளீவ்லாந்தில் கிடைக்கக்கூடியதைவிடக் குறைவுதான். அதையெல்லாம் அன்றிரவு யார் கணக்கெடுத்தார்கள்? சொந்த ஊருக்கு நேரில் ஒரு வார்த்தை சொல்லாமல், ஊரார் முன்னிலையில் கைவிட்டுப் போனார் என்பதே மக்களின் மனதில் தைத்தது.

தெருக்களில் அவருடைய 23 ஆம் இலக்க ஜேர்சிகளை எரித்தார்கள். இரண்டு நாட்களில் சுவரிலிருந்த பெரிய படத்தை இறக்கத் தொடங்கினார்கள். அணியின் உரிமையாளர் டான் கில்பேர்ட் கோபம் கொப்பளிக்கும் கடிதமொன்றை அன்றிரவே வெளியிட்டார். தப்பியோடிய அடிமையைப் பார்ப்பதுபோல அவர் லெப்ரோனைப் பார்க்கிறார் என்று கறுப்பினத் தலைவர் ஜெசி ஜாக்சன் கண்டித்தார். கூடைப்பந்தாட்டச் சங்கம் கில்பேர்ட்டுக்கு ஓர் இலட்சம் டொலர் தண்டம் விதித்தது.

அதே ஆண்டு டிசம்பர் 2 ஆம் திகதி மியாமி அணியோடு லெப்ரோன் கிளீவ்லாந்துக்கு ஆட வந்தார். பலத்த காவல் போடப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வந்தபோது அரங்கம் கூச்சலிட்டது. அவரோ 38 புள்ளிகள் எடுத்து மியாமியை வெல்ல வைத்தார். துரோகி என்றார்கள். அந்தச் சொல் எவ்வளவு இலகுவில் வாயில் வரும் என்பதும், அதைத் திரும்பப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதும் எமக்குத் தெரியாதவை அல்ல.

இன்று நிதானமாகப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. எரிக்கப்பட்டது ஒருவருடைய ஜேர்சி மட்டுமல்ல. ஆலைகள் போனபோதும், அயலவர்கள் போனபோதும் யாரிடம் கோபப்படுவது என்று அந்த மக்களுக்குத் தெரியவில்லை. மூடிய ஆலைக்கு முகம் இல்லை. லெப்ரோனுக்கு முகம் இருந்தது. ஐம்பது வருட இழப்பின் கோபம் முழுவதும் இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவரின் தலையில் இறங்கியது.

திரும்பி வந்த கதை

மியாமியில் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் கிண்ணங்களை வென்ற பின், 2014 ஜூலையில் லெப்ரோன் கிளீவ்லாந்துக்குத் திரும்ப முடிவு செய்தார். இம்முறை தொலைக்காட்சி நிகழ்ச்சி இல்லை. சஞ்சிகை ஒன்றில் ஒரு கட்டுரை மட்டுமே. ஜேர்சிகள் எரிந்ததைப் பார்த்து மனைவியும் தாயும் பட்ட வேதனையை அதில் சொன்னார். ஆனால் எதிர்ப்பக்கத்தையும் நினைத்துப் பார்த்ததாக எழுதினார். தான் ஒரு சிறுவனாக இருந்து, தனக்கு முன்மாதிரியான வீரர் ஊரை விட்டுப் போயிருந்தால் தனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கில்பேர்ட்டை நேரில் சந்தித்துப் பேசினார். யார் முதலில் மன்னிப்பது என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த வாசல் திறந்திருக்காது.

2016 ஜூன் 19 ஆம் திகதி, மூன்றுக்கு ஒன்று எனப் பின்தங்கியிருந்த தொடரை மீட்டு, கடைசி ஆட்டத்தில் 93-89 என்ற கணக்கில் கவலியேர்ஸ் அணி கிண்ணத்தை வென்றது. 52 வருடக் காத்திருப்பு முடிந்தது. லெப்ரோன் தரையில் விழுந்து அழுதார். மூன்று நாட்களுக்குப் பின் நடந்த ஊர்வலத்தில் சுமார் 13 இலட்சம் பேர் கூடியதாக மதிப்பிடப்பட்டது. நகரத்தின் சனத்தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல்!

இரண்டாவது பிரியாவிடை

2018 ஜூலையில் அவர் மீண்டும் போனார், இம்முறை லொஸ் ஏஞ்சல்ஸின் லேக்கர்ஸ் அணிக்கு. சில வரிகளில் ஓர் அறிவித்தல், அவ்வளவுதான். முன்போல ஊர் கொதித்தெழவில்லை. அவ்வாண்டு நவம்பரில் எதிரணி வீரராக அவர் அரங்குக்குள் வந்தபோது மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே ஊர், அதே மனிதர், அதே பிரிவு. ஆனால் சொன்ன வாக்கு நிறைவேறியிருந்தது. போகும் விதமும் மாறியிருந்தது.

போகும்போது அவர் விட்டுச் சென்ற ஒன்றை அக்ரோனில் காணலாம். அதே 2018 ஜூலையின் கடைசியில், நகரப் பாடசாலை நிர்வாகத்தோடு சேர்ந்து அவருடைய நிதியம் ஒரு பாடசாலையைத் திறந்தது. படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கானது. பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுக்கிறார்கள். குடும்பங்களுக்கு உலர் உணவு எடுத்துச் செல்ல வசதி உண்டு. இடையில் படிப்பை விட்ட பெற்றோர் பரீட்சை எழுதவும் வேலை தேடவும் உதவி கிடைக்கிறது. வீடின்றித் தவிக்கும் குடும்பங்களுக்குத் தற்காலிகத் தங்குமிடமும் பின்னர் அமைக்கப்பட்டது. பிள்ளைகளின் கணிதப் பெறுபேறுகள் போதாது என்று 2023 இல் கடும் விமர்சனம் எழுந்ததையும் சொல்லத்தான் வேண்டும். நல்ல மனம் மட்டும் பாடம் கற்பித்துவிடாது.

ஆயினும் அங்கே தரப்படும் ஒவ்வோர் உதவியையும் பாருங்கள் சகோதரிகளே. குளோரியாவுக்கு அன்று கிடைக்காதவை எவையோ, அவைதான் அங்கே இருக்கின்றன. ஊரை விட்டுப் போவது ஒருவருடைய உரிமை. ஊரிலே நிற்பதும் தோல்வி அல்ல. எங்கே இருந்தாலும், தான் பட்ட குறையை அடுத்த பிள்ளை படாமல் பார்ப்பவரை ஊர் தன் பிள்ளை என்றுதான் சொல்லும்.