கொஞ்சம் மரியாதை

ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்குகிறவர்களுக்கு அக்டோபரில் ஒரு தொல்லை உண்டு. 'ஆட்டம்' என்கிற சொல். (அப்படியே எழுதினால் வாசகர் வேறு ஏதோ ஆட்டம் என்று நினைத்துக்கொள்வார்.) அகராதி 'இலையுதிர் காலம்' என்கிறது. ஆனால் தில்லியில் அக்டோபரில் மரங்கள் பச்சைப்பசேல் என்று நிற்கின்றன. இங்கே அரசும் வேம்பும் இலை கொட்டுவது பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், அதாவது வசந்தம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிக்கொள்ளும் சமயத்தில்.

தமிழ் படித்த புத்தி சும்மா இருக்காது. பழைய ஆறு பருவங்களில் தேடினால் கூதிர் கிடைக்கிறது. ஐப்பசியும் கார்த்திகையும். மாதக் கணக்கு சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் ஐப்பசி என்றால் அடைமழை, குடை, ஜலதோஷம். தில்லியில் அதே ஐப்பசியில் வானம் துடைத்து வைத்தது போலிருக்கும். வடமொழியில் இதற்கு சரத் என்று பெயர். காளிதாசர் 'ருதுசம்ஹார'த்தின் மூன்றாவது சருக்கத்தை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஆகவே நான் 'சரத் காலம்' என்று எழுதுவேன். பக்கம் பார்ப்பவர் அதை 'இலையுதிர் காலம்' என்று மாற்றுவார். இலை உதிராவிட்டாலும் இந்தச் சண்டை வருடம் தவறுவதில்லை.

செப்டம்பர் கடைசி வாரத்தில் பருவமழை தில்லியிடம் விடைபெறும். தீபாவளிக்குப் பிறகு பட்டாசுப் புகையும், பக்கத்து மாநில வயல்களில் நெல் தாளை எரிக்கும் புகையும் ஊரை மூடிவிடும். நடுவில் கிடைக்கும் சில வாரங்கள்தான் தலைநகரின் சரத் காலம். மாலையில் ஏழிலைப்பாலை மணக்கும். யானையின் மதநீர் வாசனை என்று வடமொழிக் கவிகள் சொன்ன மணம் இது. எங்கள் காலனியில் பாதிப் பேருக்கு அது ரசனை, மீதிப் பேருக்குத் தலைவலி. விடியற்காலையில் பவழமல்லி நடைபாதையெல்லாம் கொட்டிக் கிடக்கும். பிறகு மெல்ல வருவதை இந்திக்காரர்கள் 'குலாபி ஜாடா' என்பார்கள், ரோஜா நிறக் குளிர். மின்விசிறியும் வேண்டாம், ஸ்வெட்டரும் வேண்டாம்.

இந்த வாரங்களில் தில்லிக்காரர்களின் சுபாவமே மாறிவிடுகிறது என்பது என் நெடுநாள் அவதானிப்பு. ஜூன் மாதத்தில் ஆட்டோக்காரரிடம் "கரோல்பாக் வருவீங்களா?" என்று கேட்டால் பதிலே வராது. ஆட்டோ நகர்ந்துபோவதுதான் பதில். அதே மனிதர் அக்டோபரில் "பைட்டியே, பைட்டியே" என்கிறார். மீட்டர் அப்போதும் ஓடாது என்பது வேறு விஷயம். மெட்ரோவில் ஒருவர் காலை இன்னொருவர் மிதித்துவிட்டால் மே மாதத்தில் இரண்டு குடும்பங்களின் வம்சாவளியும் அலசப்படும். இப்போது "கோயி பாத் நஹீன்" என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. நம்முடைய 'பரவாயில்லை'தான் அது. நாகரிகம் என்பது பாதி வளர்ப்பு, பாதி வெப்பநிலை என்று நான் சந்தேகப்படுவதுண்டு.

இந்தியர்களுக்கு 'ப்ளீஸ்' சொல்லத் தெரியாது, 'தேங்க்ஸ்' சொல்லத் தெரியாது என்று வெளிநாடு போய்வந்தவர்கள் வருத்தப்படுகிறார்கள். ப்ளீஸ் என்பதை லாரியின் முதுகில் எழுதிவைத்த தேசம் இது என்று அவர்களுக்கு நினைவூட்ட ஆசை. (அந்த 'ஹார்ன் ஓகே ப்ளீஸ்' வாசகத்தையும் மகாராஷ்டிரம் 2015-இல் தடை செய்துவிட்டது. மரியாதை அல்ல, ஹாரன்தான் காரணம்.) உண்மையில் இது குணக்கேடு அல்ல, மொழிபெயர்ப்புக் கோளாறு. 'தயவுசெய்து' என்று எந்தத் தமிழர் வாயால் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? அறிவிப்புப் பலகையும் ஒலிபெருக்கியும்தான் அப்படிப் பேசும். மனிதர்கள் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்பார்கள். அந்தக் 'கொஞ்சம்'தான் தமிழின் ப்ளீஸ். இந்தியில் அதே வேலையை 'ஜரா' செய்கிறது. அதற்கும் பொருள் கொஞ்சம் என்பதுதான். கேட்பதைச் சிறியதாக்கிக் கேட்பது நம் நாட்டு வழக்கம்.

'நன்றி'யும் அப்படியே. பழைய தமிழில் நன்றி என்றால் செய்யப்பட்ட நன்மை. குறளின் பதினோராவது அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி அறிதல். அறியச் சொல்கிறது, வாயால் சொல்லச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அத்தை கிண்ணத்தில் குழம்பு கொடுத்தால் "நன்றி" என்று சொல்லிப் பாருங்கள், அடுத்த முறை கொடுக்கமாட்டார். கிண்ணத்தைக் கழுவி, வெறுமனே திருப்பாமல் ஏதாவது போட்டுக் கொடுப்பதுதான் நம் நன்றி.

அப்படியானால் நம் மரியாதை எங்கே இருக்கிறது? வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. தமிழில் நீ, நீங்கள். இந்தியில் தூ, தும், ஆப் என்று மூன்று படி. வங்காளியில் துயி, துமி, ஆப்னி. இதில் லக்னோதான் உச்சம். 'பஹ்லே ஆப்', முதலில் நீங்கள் ஏறுங்கள் என்று இரண்டு நவாபுகள் மாறி மாறி உபசரித்துக்கொண்டிருக்க ரயில் போய்விட்ட கதை ஊரறிந்தது. கோவைப் பக்கத்து 'ங்க' அதற்குச் சளைத்ததில்லை. ஆங்கிலத்துக்கு ஒரே 'யூ'. மகாராணிக்கும் அதே, பூனைக்கும் அதே. அதனால்தான் அவர்கள் ப்ளீஸைத் தனியாக வாங்கி ஒட்டவேண்டியிருக்கிறது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஆங்கிலத்தில் ஒருவரை மட்டம் தட்ட முயற்சி எடுக்கவேண்டும். நமக்கு ஒரு விகுதி போதும். கடவுளையும் அம்மாவையும் 'நீ' என்பதில் பிரியம் இருக்கிறது. ஐம்பது வயது ரிக்‌ஷாக்காரரை இருபது வயதுப் பிள்ளை 'தூ' என்று கூப்பிடுவதில் என்ன இருக்கிறது என்பது இருவருக்குமே தெரியும். சரத் காலத்தின் இதமான காற்று ஆப்களைப் பெருக்குகிறது என்றேன். பெருகும் ஆப்களெல்லாம் மெட்ரோவுக்குள்ளேயே சுற்றிவருகின்றன. நிலைய வாசலில் நிற்கும் ரிக்‌ஷா வரை அவை வருவதில்லை.

மொழிபெயர்ப்பு மேஜையில் இது தினசரிப் பிரச்சினை. ஆங்கிலத்தில் 'ஹி செட்' என்று வரும். 'சொன்னார்' என்பதா, 'சொன்னான்' என்பதா? மூல நிருபருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் எழுதாமல் விட்ட தீர்ப்பை நான் எழுதியாக வேண்டும். கோடிக்கணக்கில் சுருட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் 'கைதானார்'. சைக்கிள் திருடியதாகச் சொல்லப்படுபவன் 'பிடிபட்டான்'. 2019-இல் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது வயது 12. தமிழ் ஏடுகள் 'ஆனார்' என்றே எழுதின. சரிதான், திறமைக்கு மரியாதை. ஆனால் பாத்திரம் கழுவும் நாற்பது வயதுப் பெண்மணி எத்தனை செய்திகளில் 'அவள்' ஆகியிருக்கிறார்!

இறந்த பிறகும் விகுதி விடாது. தலைவர் என்றால் 'பூதவுடல்'. நடுத்தரக் குடும்பத்தவர் என்றால் 'உடல்'. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்கப்பட்டு விஷவாயுவில் செத்தவர் என்றால் 'பிணம் மீட்கப்பட்டது'. மனிதர்களை அந்த வேலைக்கு இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு 'ர்' சேர்க்க யாருடைய உத்தரவும் தேவையில்லை. பைசா செலவும் இல்லை.

நான் எல்லோருக்கும் 'ர்' போட்டுவிடுகிறேன். இதை எதிர்த்து ஒருமுறை ஒரு வாசகர் கடிதம் எழுதினார். தொடக்கம் 'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு'. நான்காவது வரியில் 'திருடனுக்கு என்னய்யா மரியாதை?' இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் நான் 'அவர்கள்' பதவியை இழந்திருந்தேன். தப்பொன்றுமில்லை. கடிதத்தில் தேதி மே மாதம் என்றிருந்தது.

தசரா முடிந்து தீபாவளியும் சட் பூஜையும் நெருங்கும்போது தில்லி ரயில் நிலையங்களில் பிகாருக்குப் போகும் கூட்டம் பிதுங்கும். வருடாவருடம் அதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வரும். பெட்டியில் இடம் கிடைக்காமல் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கும் கட்டடத் தொழிலாளி அதில் 'ஐ' என்று பேசுவார். அவர் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். பிகாரில் 'நான்' என்பதற்கும் 'ஹம்'தான், நாம் என்று பன்மையில். வருடம் முழுக்க ஊரார் தன்னை 'தூ' என்று விரட்டினாலும், தன்னைப் பற்றிப் பேசும்போது அந்த மனிதர் பன்மையை விட்டு இறங்குவதில்லை.

தமிழில் அதற்கு வழி இல்லை. நம் 'ர்' அடுத்தவருக்கு மட்டும்தான். அரசர்கள் காலத்து 'யாம்' ஒன்று இருந்தது, அதை மூட்டைமேல் உட்கார்ந்திருப்பவர் வாயில் வைத்தால் நாடக வசனம் ஆகிவிடும். 'நாங்கள்' என்றால் கூட எத்தனை பேர் என்று வாசகர் கேட்பார். கடைசியில் 'நான் ஊருக்குப் போகிறேன்' என்றுதான் எழுதி அனுப்பவேண்டியிருக்கிறது.