தேய்க்கக் கற்ற பாடம்

தமிழ் கற்பிப்போர்க்கும் தச்சுக் கருவிகட்கும் என்ன தொடர்பு என்று இம்மலரைப் புரட்டும் மாணவச் செல்வங்கள் வினவக்கூடும். விடுமுறை நாள்களில் இழைப்புளியும் உப்புத்தாளுமாய் அமர்ந்து, வீட்டின் மரப்பொருள்களைச் செப்பனிடுதல் நமக்கு நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கம் நமக்கொரு பாடம் புகட்டிற்று. அதனைக் கற்குமுன், மீளப் பெறவியலாத ஒன்றை இழந்தோம்.

நம் அத்தா பயன்படுத்திய தேக்கு மேசையொன்று இல்லத்தில் உண்டு. சிறுவராயிருந்த காலத்தில் அவர் அதன் மேற்பலகையின் ஓரத்தில் பேனாக்கத்தியால் தம் பெயரை அர்வி எழுத்துகளில் கீறி வைத்திருந்தார். அதற்காகத் தம் தந்தையாரிடம் அடி வாங்கியதை அவரே நகைத்தவாறு கூறியதுண்டு. அவர் மறைந்தபின் மேசையின் வார்னிஷ் கறுத்துப் பிசுபிசுத்தது. கையால் தேய்த்தால் ஒரு வாரமாகும் என எண்ணி, தெரிந்தவர் ஒருவரிடம் பெல்ட் சாண்டர் என்னும் மின்கருவியை இரவல் பெற்றோம். இரு உருளைகளின்மேல் உப்புத்தாள் பட்டை இடையறாது ஓடும் எந்திரம் அது. ஓரிடத்தில் நொடிப்பொழுது நின்றாலும் பள்ளம் பறித்துவிடும். நாம் அதனை அறியோம். சில மணித்துளிகளில் வார்னிஷ் போயிற்று; அத்தாவின் பெயரும் உடன் போயிற்று. வலமிருந்து இடமாய் எழுதிய அப்பெயரின் இறுதி இரண்டு எழுத்துகளே இடக்கோடியில் எஞ்சின.

மறுநாள் வந்த முதிய தச்சர் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தார். "பாய், இது கதவுப் பலகைய மட்டம் பண்ற மெஷினு. எவ்வளவு வேகமாத் தேய்க்குதுன்னு பாக்காதீங்க. எவ்வளவு கம்மியாத் தேய்க்குதுன்னு பாத்து வாங்குங்க" என்றார். தேய்ப்புக் கருவி தேர்தற்கு இதனினும் சிறந்த இலக்கணத்தை நாம் கண்டிலோம்.

இல்லப் பணிக்குரிய இக்கருவிகள் பெரும்பாலும் மூவகைப்படும். பெல்ட் சாண்டர் மேடுபள்ளமான பெரும்பலகைகளைச் சமன்செய்ய ஏற்றது, நுண்பணிக்கு ஆகாது. செவ்வக அடியுடைய ஆர்பிட்டல் சாண்டர் எடையும் விலையும் குறைந்தது, சாதாரண உப்புத்தாளையே வெட்டிப் பொருத்தலாம், மூலைவரை செல்லும். ஆயினும் ஒரே பாங்கில் அசைவதால் சிறு சுருள் கீறல்களை விட்டுச் செல்வதுண்டு. வட்ட அடியுடைய ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டரோ, தானும் சுழன்று, 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவிலான சிறு வட்டத்திலும் அசைகிறது. சென்ற தடத்திலேயே மீண்டும் செல்லாமையால் கீறல் எளிதில் புலப்படுவதில்லை. ஒரு கருவி மட்டுமே வாங்குவோர் இவ்வகையில் 125 மில்லிமீட்டர், அதாவது 5 அங்குல வட்டமுடையதைத் தேர்தல் நன்று. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு இருத்தல் வேண்டும். கடையில் கையிலேந்தி, அதிர்வை உணர்ந்து பார்த்தே வாங்குதல் வேண்டும்.

உப்புத்தாளின் எண் சிறிதாயின் அதன் பரல் பெரிது. பழைய வார்னிஷுக்கு 80, பின்னர் 120, இறுதியில் 180 அல்லது 220 என ஏறிச் செல்க. இடையில் ஒன்றைத் தாண்டினால், முந்தைய கீறல் பாலிஷ் பூசிய பின்னரே பல்லிளிக்கும். எந்திரத்தை அழுத்தலாகாது, அதன் எடையே போதும்.

தூசியைச் சிறிதென எண்ணற்க. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995ஆம் ஆண்டிலேயே மரத்தூளைப் புற்று விளைக்கும் பொருள்களுள் சேர்த்துள்ளது. ஆதலின் தூசுப்பை உள்ள கருவியையே கொள்க. தாளின் துளைகள் அடிப்பகுதியின் துளைகளோடு பொருந்தினால்தான் தூசி பைக்குள் செல்லும். தூசி தடுக்கும் முகக்கவசமும் வேண்டும்; கைக்குட்டை போதாது.

இத்துணையும் தட்டைப் பலகைக்கே. செதுக்கு வேலைப்பாட்டை எந்திரத்திடம் ஒப்படைத்தல் கூடாது. ஒரே பலகையைப் பிளந்து, ஆணியும் கீலுமின்றி விரியுமாறு செய்யப்படும் ரைஹாலை நாம் இன்றும் மடித்த உப்புத்தாளும் விரல்நுனியும் கொண்டே தேய்க்கிறோம்.

நம் துறைக்கும் இது பொருந்தும். 1842இல் சீறாப்புராணத்தை அச்சிற் கொணர்ந்த செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் புலவரும், 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரும் செய்த பணி யாது? ஏடெழுதினோர் பிழையைக் களைந்து, புலவர் சொல்லைக் காத்தமையன்றோ! ஏட்டில் எது அழுக்கு, எது எழுத்து எனக் காணும் பொறுமை அவர்க்கு இருந்தது. அன்று மேசைமுன் நமக்கு அஃது இல்லாது போயிற்று.

அத்தாவின் பெயரை மீண்டும் செதுக்கிவிடலாமே என நம் மகள் கேட்டாள். வேண்டாமென்றோம். செதுக்கினால் அது நம் கையெழுத்தாகுமே தவிர அவர் கையெழுத்து ஆகாது. எஞ்சிய இரண்டு எழுத்துகளைச் சுற்றிலும் கையாலேயே தேய்த்து எண்ணெய் பூசினோம். விடைத்தாள் திருத்த அம்மேசையில் அமருந்தோறும் அவ்விரண்டு எழுத்துகளும் கண்ணிற் படுகின்றன. சிவப்பு மை சற்று நிதானமாகவே ஓடுகிறது.