கல்லில் எழுதிய எண்கள்

சாந்தன்பாறையிலிருந்து மூணாறு செல்லும் பேருந்தில் ஏறினால், பூப்பாறை வரை ஏலக்காட்டின் குளிர்ந்த நிழலும், அதற்கப்பால் ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்தை அடுத்துத் தேயிலைச் சரிவுகளின் பசுமையும் கண்ணுக்கு விருந்தாகும். நாம் பலமுறை போய்வந்த வழிதான். ஆயினும் சென்ற கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் ஐவருடன் மேற்கொண்ட பயணம், நம் குடும்பத்தைப் பற்றிய ஒரு கேள்வியின் முன் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திற்று. அதனை இவ்விதழின் அன்பர்களுக்குச் சொல்ல விழைகிறோம்.

பயணத்துக்குக் காரணமாயிருந்தவன் இலண்டனில் வளரும் நம் மகள்வயிற்றுப் பேரன். அவனுக்கு ‘ஜியோகேஷிங்’ என்னும் விளையாட்டில் பெரும் பித்து. செயற்கைக்கோள்களைக் கொண்டு இடம் அறியும் ஜி.பி.எஸ். முறையில், பொதுமக்களுக்குக் கிடைத்த கணக்கில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. ஓரிரு நாட்களுக்குள் அந்நாட்டின் ஆரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு கலத்தை மறைத்துவைத்து, அவ்விடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகைகளை மட்டும் வெளியிட்டார். தேடிக் கண்டவர்கள் உள்ளிருந்த குறிப்பேட்டில் தம் பெயரை எழுதினர். இன்று இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியிருக்கிறது.

இதில் புதிர்வகை என்று ஒன்றுண்டு. இங்கிலாந்தின் சிற்றூர்த் தேவாலயங்களைச் சுற்றி இவ்வகை மிகுதி. இடத்தின் எண்ணை முழுவதும் சொல்லிவிடமாட்டார்கள். பாகையும் நிமிடமும் கொடுத்து, அதற்கப்பால் வரும் மூன்று தசம இலக்கங்களைத் தேவாலயத்துக் கற்களிலும் தகடுகளிலும் உள்ள ஆண்டுகளைக் கொண்டு கணக்கிடச் சொல்வார்கள். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஏறத்தாழ 1,850 மீட்டர். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆகவே கணக்குச் சரியாக வந்தால் கலம் காலடியிலேயே இருக்கும்.

“நம்ம பக்கத்துல இப்படிப் பழைய சர்ச் இருக்கா தாத்தா?” என்றான் பேரன். மூணாற்றுக் குன்றின்மேல் நிற்கும் கிறிஸ்து ஆலயத்தைச் சொன்னோம். முதல்நாள் அவனோடு சென்று, ஆலயத்தாரிடம் அனுமதி கேட்டுப் புதிரை அமைத்தோம். கல்லறைத் தோட்டத்தில் எதையும் மறைத்தல் தகாது. மண்ணைத் தோண்டுதல் விளையாட்டின் விதிக்கே முரண். எனவே கலத்தைக் கடைவீதியில் நமக்குத் தெரிந்த தேநீர்க்கடைக்காரரிடம் ஒப்படைத்தோம்.

மறுநாள் பிள்ளைகள் குன்றேறினர். கருங்கல்லாலான ஆலயம், வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள், சுவரில் தோட்டத் துரைமார்களின் நினைவுத் தகடுகள். ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910-இல். அது திருநிலைப்படுத்தப்பட்டது 1911-இல். ஆயின் அங்குள்ள முதற் கல்லறை 1894-ஆம் ஆண்டினது. மலைக்கு வந்த சிறிது காலத்திலேயே வாந்திபேதிக்கு இரையான எலினர் நைட் என்னும் இளம்பெண் அங்கே துயில்கிறார். அவர் தோட்ட மேலாளர் ஹென்றி மான்ஸ்ஃபீல்ட் நைட்டின் மனைவி. ‘ஆலயத்தைவிடக் கல்லறை எத்தனை ஆண்டு மூத்தது?’ என்பதே பேரன் வைத்த முதற் கேள்வி. 1910-இலிருந்து 1894-ஐக் கழித்து, “பதினாறு!” என்று கூவினர் பிள்ளைகள். ஏனைய எண்களும் கிடைத்தன. அரைமணி நேரத்தில் தேநீர்க்கடையில் அவர்கள் கையில் கலம். நம் கையில் தேநீர்.

அப்போதுதான் மகன்வயிற்றுப் பேத்தி கேட்டாள்: “தாத்தா, உங்க தாத்தாவோட கல்லு எங்கே இருக்கு?”

நமக்கு நா எழவில்லை. கல் ஏது? ஏலக்காட்டு ஓரத்தில் ஒரு மண்மேடு இருந்தது. அதன் தலைமாட்டில் நட்ட முருக்கமரமும் நம் சிறுபருவத்திலேயே காற்றில் சாய்ந்துபோயிற்று. காட்டைத் திருத்தியவரும் கொழுந்து பறித்தவரும் ஆயிரமாயிரம் பேர் இம்மலைகளில் மண்ணானார்கள். அவர்களுள் எத்தனை பேருக்கு ஆண்டு பொறித்த கல் வாய்த்தது? அவர்களைக் குறித்துப் புதிர் போடவும் நம்மிடம் எண் இல்லையே என்று எண்ணி வருந்தினோம்.

அன்றிரவு எண்பத்தெட்டு வயதான நம் அத்தையிடம் பேத்தி அதையே கேட்டாள். அத்தை சற்று யோசித்து, “பெரிய வெள்ளம் வந்த மறுவருஷந்தான் எங்க அப்பா போடியிலருந்து நடந்தே மலையேறுனாராம். கேரளம்னு பிரிச்சாங்கள்ல, அதுக்கு அடுத்த தைமாசம் போயிட்டாரு” என்றார்.

மலையாளத்தார் ‘தொண்ணூற்றொன்பது வெள்ளம்’ என்பது கொல்லம் ஆண்டு 1099-இல், அதாவது 1924-இல் வந்தது, மறுவருஷம் 1925. கேரளம் பிறந்தது 1956 நவம்பரில். அடுத்த தை 1957-இல். பிள்ளைகள் விரல்விட்டு எண்ணி, “முப்பத்திரண்டு வருஷம் இந்த மலையில இருந்திருக்காரு!” என்றனர். கல்லில் இல்லாத எண்கள் அத்தையின் நினைவில் இருந்தன. கேட்பாரின்றி இத்தனை காலம் கிடந்தன.

பேரன் தான் கொண்டுவந்த குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் அவ்விரண்டு ஆண்டுகளையும், பாட்டனார் பெயரையும், ‘போடி’ என்பதையும் எழுதிவைத்தான். அடுத்த விடுமுறையில் இவற்றைக்கொண்டே சாந்தன்பாறையில் ஒரு புதிர் அமைப்பதாகச் சொல்லிச் சென்றிருக்கிறான்.

அன்பர்களே! உங்கள் இல்லத்திலும் இத்தகைய முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எவ்வழியே வந்தார்கள், எந்த வெள்ளத்துக்கு முன், எந்தப் பஞ்சத்துக்குப் பின் என்று இன்றே கேளுங்கள். ஆண்டு தெரியாவிட்டாலும் கவலையில்லை. நிகழ்ச்சியைச் சொன்னால் ஆண்டைப் பிள்ளைகள் கணக்கிட்டுக்கொள்வார்கள். ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் இதற்குப் போதும்.