காமெட் லாரியும் கும்மிடிப்பூண்டி லேத்தும்

போன மாதம் கேள்வி-பதில் பக்கத்துக்கு ஒரு வாசகர் எழுதியிருந்தார். அப்பா காலத்து லேலண்ட் லாரிக்கு ஆயில் ஃபில்டர் எலிமென்ட் கிடைப்பதே இல்லை, இப்போது வருகிற திருகு ஃபில்டரை அதில் மாட்ட முடியுமா என்று கேட்டிருந்தார். 'முடியும்' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அதே தொல்லையில் எங்கள் சித்தப்பாவும் தவித்துக்கொண்டிருந்தார். அதனால் அவரோடு கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சித்தப்பாவின் காமெட் லாரி வருஷத்தில் நாலு மாதம் திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஓட்டும். மீதி நாள் செங்கல், எரு, வைக்கோல். அதன் பழைய ஃபில்டர் ஒரு இரும்புக் கிண்ணம். உள்ளே மாற்றுகிற எலிமென்ட் இருக்கும், நடுவில் ஒரு நீள போல்ட், மேலே ஒரு ரப்பர் வளையம். ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் அந்த வளையம் சரியாக உட்காராமல் கசியும். போன வருஷம் சென்னையில் ஒரு கடையில் வாங்கின எலிமென்ட் உள்ளுக்குள்ளேயே நசுங்கிப்போயிருந்தது. ஆயில் மாற்றும்போதுதான் தெரிந்தது. அதுவரை வடிகட்டாத ஆயில்தான் பேரிங்குக்குப் போயிருக்கிறது. பேரிங் தேய்ந்தால் கிராங்க் போகும், கிராங்க் போனால் அந்த வருஷத்துக் கரும்புப் பணமே போகும்.

"அரவை ஆரம்பிக்கறதுக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணணும்டா" என்றார். ஃபில்டர் ஹெட்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றி வண்டியில் கட்டினோம்.

திருவள்ளூரில் காக்களூர் தொழிற்பேட்டையில் முதலில் விசாரித்தோம். அங்கே ஒருவர், கும்மிடிப்பூண்டியில் பழைய லேலண்ட் வேலை பார்த்த டர்னர் ஒருவர் தனியாக லேத் போட்டிருக்கிறார், அவரிடம் போங்கள் என்றார். பூண்டி, ஊத்துக்கோட்டை வழியாகப் போனோம். பூண்டி ஏரி 1944-ல் கட்டி முடித்தது. 1996-லிருந்து கிருஷ்ணா தண்ணீரும் இதில் வந்து விழுகிறது. தண்ணீர் சென்னைக்குப் போகிறது, நாம் கரை மேல் போகிறோம் என்று சித்தப்பா வழக்கம்போல அலுத்துக்கொண்டார். பெரியபாளையத்தில் பவானி அம்மனுக்கு ஒரு கும்பிடு. பிறகு ஆரணி, புதுவாயல், கவரப்பேட்டை. இருபக்கமும் நெல் வயல். கும்மிடிப்பூண்டி நெருங்கும்போது வயல் குறைந்து புகைக்கூண்டு கூடுகிறது. பழைய இரும்பு ஏற்றின லாரிகள் சிப்காட்டுக்குள் வரிசையாகப் போகின்றன. காயலான் கடைக்குப் போன வண்டிகள் இங்கே உருகிக் கம்பியாகின்றன. சித்தப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

காமெட்டுக்கு இந்த வட்டாரமே சொந்த ஊர் மாதிரிதான். 1948-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைத்தான் பூட்டியது. பிறகு இங்கிலாந்து லேலண்டோடு ஒப்பந்தம் ஆகி காமெட் வந்தது. 1955-ல் கம்பெனி பெயரே அசோக் லேலண்ட் ஆனது. காமெட் 350 என்பதில் 350 என்பது என்ஜினின் கன அங்குலக் கணக்கு. நம் கணக்கில் சுமார் 5.7 லிட்டர்.

டர்னருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஹெட்டைக் கையில் வாங்கினதும் துணியால் துடைத்து, ஒரு துளையில் மண்ணெண்ணெய் ஊற்றி அது எங்கே வருகிறது என்று பார்த்தார். "அழுக்கு ஆயில் சுத்தி வெளியால வருது, சுத்தமானது நடுவால போகுது. திருகு ஃபில்டருக்கும் அதே போக்குதான். மாறியிருந்தா செய்யமாட்டேன்னு திருப்பி அனுப்பியிருப்பேன் சார்" என்றார்.

அவர் செய்தது இதுதான். கிண்ணத்தின் விளிம்பு உட்காருகிற பள்ளத்தில் சரியாகப் பொருந்துகிற மாதிரி ஒரு இரும்புத் தட்டு கடைந்தார். அதில் ஆயில் இறங்கச் சுற்றிலும் துளைகள். நடு போல்ட் இருந்த இடத்தில் உள்ளே துளையிட்ட ஒரு ஸ்டட். அதன் மேல் முனையில் ஹெட்டில் இருக்கிற பழைய மரை, கீழ் முனையில் புது ஃபில்டரின் மரை. மரையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் கேஜ் வைத்து அளந்தார். முக்கால் அங்குலம் 16 மரையும் 20 மில்லி 1.5 மரையும் பார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றின் மேல் இன்னொன்றைத் திருகினால் ஓரிரு சுற்று ஏறி, பிறகு மரையைத் தின்றுவிடும்.

முதலில் கடைந்த ஸ்டட்டை அவரே ஓரமாகப் போட்டுவிட்டார். நடுத்துளை சிறியதாம். துளை சுருங்கினால் ஆயில் திணறும், பிரஷர் விழும். இரண்டாவதில் பெரிய துளையும், ஹெட்டின் சுத்த ஆயில் வழிக்கு நேராக நாலு குறுக்குத் துளையும் போட்டார்.

நான் முக்கியமாக எழுத நினைத்தது இனிமேல் வருவது. தட்டுக்கு இரண்டு இடத்தில் அடைப்பு வேண்டும். வெளி ஓரத்தில் ஓ-ரிங். அது சரியில்லை என்றால் தரையில் ஆயில் சொட்டும், பார்த்துவிடலாம். நடுவில் அழுக்கு வழிக்கும் சுத்த வழிக்கும் இடையே இன்னொரு அடைப்பு. அது கசிந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. ஃபில்டர் புதுசாக இருக்கும், பிரஷரும் சரியாகக் காட்டும், அழுக்கு மட்டும் நேராக பேரிங்குக்குப் போகும். பட்டறையில் அவசரமாகச் செய்கிறவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

இன்னொன்று பைபாஸ் வால்வு. மார்கழி விடியலில் ஆயில் கெட்டியாக இருக்கும்போதோ, ஃபில்டர் அடைத்துக்கொண்டபோதோ, அழுக்கோடாவது ஆயில் போகட்டும் என்று திறந்துவிடுகிற சின்ன வால்வு. சித்தப்பா வண்டியில் அது பழைய நடு போல்ட்டோடு சேர்ந்தே இருந்தது. போல்ட்டை எடுத்தால் வால்வும் போச்சு. அதனால் உள்ளேயே பைபாஸ் உள்ள ஃபில்டர்தான் வாங்க வேண்டும். வெளியே பார்த்தால் இருப்பதும் இல்லாததும் ஒரே டப்பாதான். கடையில் நம்பரைச் சொல்லி, கேட்லாக்கில் பார்த்து வாங்குங்கள். மரை பொருந்துகிறது என்று சின்ன கார் ஃபில்டரை மாட்டாதீர்கள். இந்த அளவு லாரி என்ஜினுக்கு வருகிற பெரிய ஃபில்டர்தான் வேண்டும்.

தட்டு, ஸ்டட் எல்லாம் சேர்த்துக் கூலி ஒரு மூட்டை டி.ஏ.பி. விலைக்குக் கொஞ்சம் மேலே ஆனது. இரும்புத்தூள் ஒன்றுகூட இல்லாமல் டீசலில் கழுவிக் கொடுத்தார்.

மறுநாள் வீட்டில் மாட்டினோம். ஃபில்டரில் ஆயில் நிரப்பி, ரப்பரில் ஆயில் தடவி, கையால் திருகி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ஸ்பானர் வேண்டியதில்லை. டீசலை நிறுத்திவிட்டு செல்ஃப் மட்டும் அடித்தோம். முள் அசைந்த பிறகுதான் ஸ்டார்ட். பிரஷர் பழைய இடத்தில் வந்து நின்றது. கசிவு இல்லை.

முதல் ஃபில்டரைச் சீக்கிரமே மாற்றிவிடச் சொன்னார் டர்னர். பல வருஷத்துப் படிவு புது ஆயிலில் கரைந்து வரும் என்றார். அதேபோல ஒரு மாதத்தில் மாற்றி, பழையதை அறுத்துப் பார்த்தோம். காகித மடிப்பு முழுக்கக் கரிக்களி. பேரிங் உலோகத்தின் மினுமினுப்பு எங்கேயும் இல்லை. சித்தப்பா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கரும்பு வெட்ட ஆள் சொல்லிடலாம்" என்றார்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: உங்கள் வண்டியின் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு எடுத்துப்போங்கள். அளவை மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். பழைய கிண்ணத்தையும் போல்ட்டையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வழியில் ஏதாவது ஆனால் திரும்ப மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர அதுதான் உதவும்.