இலை அசையாத மாலையில் ஒரு படகுப் பந்தயம்

ராஜபாளையத்துக்காரர்களுக்குக் காற்றைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி வரும் மேல்காற்று, மொட்டைமாடியில் காயும் துணியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போடும். அதே ஊரில் சித்திரை மாதத்து மாலையில் வேப்பிலைகூட அசையாது. பகலில் சூடேறிய மலைச்சரிவை நோக்கிக் காற்று ஏறும். இரவில் குளிர்ந்து கீழே இறங்கும். இரண்டுக்கும் நடுவே, பொழுது சாயும் நேரத்தில், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சற்று நிற்கும்.

கடற்கரையிலும் இதே கணக்குதான். பகலில் தரை சீக்கிரம் சூடாவதால் கடலிலிருந்து காற்று வீசும். வெயில் தாழத் தாழ அது தளரும். இப்படித் தளர்ந்த காற்றை நம்பி ஒரு விளையாட்டே நடக்கிறது: பாய்மரப் படகுக் கிளப்புகளின் மாலைப் பந்தயம். இங்கிலாந்தில் வேலை நாள் முடிந்த பிறகும், சிட்னியில் கோடைக்கால அந்தியிலும் இது வழக்கம். ஆபீஸ் முடித்தவர், பள்ளிப் பிள்ளைகள், ரிட்டயர் ஆனவர் எல்லோரும் கலந்துகொள்வார்கள். பரிசு பெரிதாக இருக்காது. பேச்சும் சிரிப்பும் அதிகம்.

தமிழ்நாட்டில் இந்த விளையாட்டின் பழைய வீடு ராயல் மெட்ராஸ் யாட் கிளப். செங்கோட்டையிலிருந்து வரும் பொதிகை எக்ஸ்பிரஸில் ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இரவு ஏறினால், காலையில் சென்னை. கிளப் இருப்பது சென்னைத் துறைமுகத்துக்கு உள்ளே. 1911-ல் இதைத் தொடங்கியவர், அன்று துறைமுகத்தை நிர்வகித்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்.

பந்தயம் எப்படி நடக்கும்? தண்ணீரில் மிதவைகளைப் போட்டிருப்பார்கள். அவற்றைச் சுற்றி வர வேண்டும். கொடி ஏறியதிலிருந்து ஐந்து நிமிடக் கவுன்ட்டவுன். படகை நிறுத்திவைக்க பிரேக் கிடையாது. அதனால் எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் சுற்றிக்கொண்டே இருந்து, நேரம் சரியாக முடியும்போது கோட்டைத் தாண்ட வேண்டும். முந்திவிட்டால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும்.

முதல் மிதவை பெரும்பாலும் காற்று வரும் திசையில் இருக்கும். காற்றுக்கு நேர் எதிராகப் பாய்மரப் படகு போகாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாக, ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். மலைப்பாதை கொண்டை ஊசி வளைவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலத்த காற்றில் படகு ஒரு பக்கம் சாயும். அதை நிமிர்த்த, விளிம்புக்கு வெளியே உடம்பைச் சாய்த்துத் தொங்க வேண்டும். அங்கே எடையும் தெம்பும் உள்ளவருக்கு லாபம். காற்று குறைந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். எடை அதிகமான படகு தண்ணீரில் கூடுதலாக அமிழ்ந்து மெதுவாகும். எடை குறைந்தவர் படகு நழுவிப் போகும். அப்போது யாரும் எழுந்து நடக்கக் கூடாது, இருமக்கூட யோசிக்க வேண்டும் என்று சொல்லலாம். ஒரு குலுக்கலில் பாயில் தங்கிய கொஞ்சக் காற்றும் கொட்டிப்போகும். சுக்கானை அடிக்கடி திருப்பினால் அதுவே பிரேக். படகை லேசாக ஒரு பக்கம் சாய்த்து உட்கார்ந்தால், பாய் தன் எடையாலேயே தொங்கி வடிவம் பிடிக்கும்.

மீதி எல்லாம் கண் வேலை. தண்ணீர் கண்ணாடி போல இருக்கும் இடத்தில் காற்று இல்லை. சிற்றலை எழுந்து கறுத்துத் தெரியும் இடத்தில் காற்று வருகிறது. அங்கே போகலாமா, அது இங்கே வரட்டுமா என்று முடிவெடுப்பவர் ஜெயிப்பார். அதனால்தான் இந்த மாலைகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பெரியவர்களை முந்துவது நடக்கிற காரியம்.

பிள்ளைகளுக்கென்றே 'ஆப்டிமிஸ்ட்' என்றொரு படகு உண்டு. நீளம் 2.3 மீட்டர், கட்டிலைவிடச் சற்று அதிகம். எடை சுமார் 35 கிலோ. ஒரே பாய், ஒரே ஆள், 15 வயது வரை. சென்னையில் 2009-ல் ஒரு கோடை முகாமில் பாய்மரம் பழகத் தொடங்கிய நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் ஆடினார். சென்னையின் வருண் தக்கர், கே.சி. கணபதி ஜோடி 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றது. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்றார். வேலூரிலும் கடல் கிடையாது என்பதை நம் ஊர்ப் பிள்ளைகள் கவனிக்கலாம்.

'இது பணக்கார விளையாட்டு' என்பார்கள். படகு விலை, துறைமுக வாசலில் அனுமதி இதையெல்லாம் பார்த்தால் அதில் பாதி உண்மை. மறு பாதியைப் பார்க்கத் தொண்டிப் பக்கம் போக வேண்டும். அந்தக் கரையோர மீனவக் கிராமங்களில் கோயில் திருவிழாவுக்குப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துகிறார்கள். தொழிலுக்குப் படகில் இன்ஜின் வந்துவிட்டது. தாத்தா கற்றுவைத்த பாய் வித்தை பேரன் கையில் நிற்பது இந்தப் போட்டியால்தான். காற்றைப் படிக்கும் அறிவுக்குக் கிளப் உறுப்பினர் அட்டை தேவையில்லை.

நம் ஊரில் பாய் கட்ட முடியுமா? ராஜபாளையம் ஆறாவது மைல் நீர்த்தேக்கம் குடிதண்ணீருக்கானது. கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. கோடையில் மண் தெரியும். ஆக, கிளப் உடனே வராது. ஆனால் முதல் பாடமான நீச்சலுக்குத் தோப்புக் கிணறு போதும், கூடவே ஒரு பெரியவர் இருந்தால். அடுத்த பாடத்துக்குச் செலவே இல்லை. கண்மாய் நிறைந்திருக்கும் ஒரு மாலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கரையில் உட்காருங்கள். தண்ணீர் எங்கே கறுக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேளுங்கள். இரண்டாவது வாரத்தில் உங்களைவிட முன்னால் பதில் வரும்.