யாருடைய சிங்கம்?



இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் எங்கள் தங்கச்சியின் மகளுக்கு நிக்காஹ். அழைப்பிதழ் உறைகளை அரக்கு முத்திரை வைத்து ஒட்ட வேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. ஒன்லைனில் ஒரு பெட்டி வாங்கியிருக்கிறாள். சிவப்பு அரக்குக் குச்சிகள், உருக்குவதற்கு ஒரு சின்னக் கரண்டி, மரப்பிடி போட்ட பித்தளை முத்திரை. முத்திரையில் ஒரு கேடயம். கேடயத்துக்குள் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கம்.

"வடிவாத்தான் இருக்கு மகள். ஆனா இது யாருடைய சிங்கம்?" என்று கேட்டோம்.

"நீங்கதானே வாத்தியார், நீங்களே சொல்லுங்க மாமா" என்று சிரித்தாள்.

அன்றிரவு எல்லோருமாக இருந்து கதைத்ததை இங்கே எழுதுகிறோம்.

ஐரோப்பாவில் இந்தக் கேடயச் சின்னங்கள் பரவியது 12ஆம் நூற்றாண்டில். போருக்குப் போகிறவரின் முகத்தை இரும்புக் கவசம் மூடிவிடும். யார் தன்னுடைய ஆள், யார் எதிரி என்று கேடயத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். பிறகு அதே சின்னத்தை முத்திரையில் வெட்டிக் கடிதங்களிலும் காணி ஆவணங்களிலும் பதித்தார்கள். எழுதத் தெரியாத பிரபுவுக்கு அதுவே கையொப்பம். 1198இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டின் பெருமுத்திரையில் மூன்று சிங்கங்கள் வந்தன. இன்று இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் சட்டையில் நாம் பார்ப்பதும் அவற்றைத்தான். முத்திரைக்கு உரியவர் இறந்தால் வேறு யாரும் பாவிக்காதபடி அதை உடைத்துவிடும் வழக்கமும் இருந்தது.

அவர்கள் முதலில் பாவித்தது தேன்மெழுகு. அரக்கு இந்தியாவிலிருந்து பிறகு போய்ச் சேர்ந்தது. மரக்கிளையில் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின்தான் அது.

நம் நாட்டுக்கும் அந்தச் சிங்கங்கள் வந்தன. காலிக் கோட்டையின் பழைய வாசலுக்குப் போனவர்கள் உட்பக்கம் பார்த்திருப்பீர்கள். ஒல்லாந்துக் கம்பனியின் சின்னத்தை இரண்டு சிங்கங்கள் தாங்கி நிற்கும். மேலே ஒரு சேவல், 1669 என்று ஆண்டு.

நம்மவர்களிடமும் இது இல்லாமல் இல்லை. சோழரின் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் புலியும் இரண்டு மீனும் வில்லும் பொறித்த முத்திரை இருக்கும். யாழ்ப்பாண அரசரின் காசுகளில் நந்தியும் "சேது" என்ற சொல்லும் இருந்தன.

எங்கள் நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு அரசர்களுக்குக் கடிதம் எழுத நினைத்தபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் வாசிக்கமாட்டார்கள் என்று சொல்லப்பட்டது. அதற்காகவே வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டது. அதில் மூன்று வரிகள்: முஹம்மத், ரஸூல், அல்லாஹ். விலங்கும் இல்லை, கேடயமும் இல்லை. அந்த மோதிரம் பின்னர் உஸ்மான் (ரழி) அவர்களின் கையிலிருந்து அரீஸ் கிணற்றில் விழுந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை.

இதைச் சொன்னதும் பிள்ளை கேட்டாள்: "அப்ப எங்கட வீட்டுக்கு என்ன முத்திரை மாமா?"

கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது முல்லைத்தீவிலிருந்து புத்தளம் போனவர்களில் நாங்களும் இருந்தோம். காணி உறுதியை வாப்பா ஒரு பையில் வைத்திருந்தார். அந்தப் பை வந்து சேரவில்லை. யுத்தம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வளவு முழுக்கக் காடு. ஒரு அலுவலகத்தில், "முத்திரை வைத்த பிரதி இருக்கா?" என்று கேட்டார்கள். அதே கேள்விக்குப் பல தடவை பஸ் ஏறிப் போய், பல தடவை வெறுங்கையோடு வந்தோம்.

கடைசியில் பக்கத்து வளவு ஐயா வந்தார். அவர் 2009இல் எல்லாவற்றையும் இழந்து மெனிக் பாம் முகாமில் இருந்து திரும்பியவர். அவருடைய உறுதியும் அவரிடம் இல்லை. எங்களோடு காட்டுக்குள் இறங்கி ஒரு பிலா மரத்தைத் தொட்டுக் காட்டினார். "தம்பி, இது உன்ர வாப்பா நட்ட மரம். எல்லை இதில இருந்து தொடங்குது. எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுவன்" என்றார். சொன்னபடியே சத்தியக் கடதாசியில் பெருவிரல் மை ஒற்றிக் கொடுத்தார். இன்று நாங்கள் குடியிருக்கும் வளவு அந்த விரலடையாளத்தால் வந்தது.

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் பொதியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் வெட்டுகிறோம். ஒரு கடதாசி உறையைக் கள்ளன் கிழிக்க எவ்வளவு நேரம் ஆகும்? முத்திரை பூட்டு அல்ல. "இதற்கு நான் பொறுப்பு" என்று ஒருவர் கொடுக்கும் வாக்கு அது. நாங்கள் அமானிதம் என்கிறோமே, அதுதான். ஐயா எங்களுக்காகக் கொடுத்ததும் அதைத்தான்.

மறுநாள் பிள்ளை அந்தப் பிலா மரத்தைப் படம் வரைந்து, பெயர் சொல்லி வெட்டித் தரும் ஒரு கடைக்கு அனுப்பினாள். புது முத்திரை போன கிழமை வந்தது. முதல் உறையில் அரக்குச் சூட்டோடு ஒட்டிக்கொண்டு மரம் பாதியாகிவிட்டது. அடுத்ததுக்கு முத்திரையை ஈரத்துணியில் ஒற்றிவிட்டு வைத்தோம், வடிவாக விழுந்தது. ஐயா இப்போது இல்லை. அந்த முதல் நல்ல உறையை அவருடைய மகனிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதைத் திறக்காமல் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறவுகளே, உங்கள் வளவுக்கும் ஒரு மரம், ஒரு கிணறு, ஒரு சாட்சி இருக்கும். அவர்களின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். உறுதிகளைப் படமெடுத்தும் வையுங்கள். மணமக்களுக்காக துஆச் செய்யுங்கள்.